குளிர்காலத்துக்கு என்ன ஷூ? வாசகர் கேள்வி – பதில்

ஆண்கள் நகரத்தில் வேலைக்கும் வெளியிடங்களுக்கும் போட்டுக்கொள்ளும் குளிர்கால ஷூக்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். கடிதங்களில் பாதிக்கு மேல் டொரொன்டோ பக்கத்திலிருந்து வந்தவை. அதனால் பதில்களும் பெரும்பாலும் அந்த ஊர்க் குளிரை வைத்தே இருக்கும்.

கேள்வி: இந்த வருடம்தான் மதுரையிலிருந்து வந்தேன், முதல் குளிர்காலம். ஸ்கார்பரோவில் வீடு, டவுன்டவுனில் வேலை. பஸ், பிறகு சப்வே. கடையில் ‘மைனஸ் 40 வரை தாங்கும்’ என்று ஒரு பெரிய பூட்ஸைக் காட்டுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கிவிடலாமா?
– ஸ்கார்பரோ வாசகர்

பதில்: வேண்டாம். அந்த ‘மைனஸ் 40’ எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலில் அளந்து போட்ட எண் அல்ல. நடந்துகொண்டே இருப்பவருக்கா, ஒரே இடத்தில் நிற்பவருக்கா என்பதும் அட்டையில் இருக்காது. டொரொன்டோவில் ஜனவரி சராசரி பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான். மைனஸ் 20 காலைகளும் வரும். ஆனால் நீங்கள் அதில் நிற்பது பஸ் நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் சூடேற்றிய ரயிலும் அலுவலகமும். தடித்த ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளி) உள்ளுறை போட்ட பூட்ஸோடு அங்கே உட்கார்ந்தால் கால் வியர்க்கும். சாயங்காலம் அந்த ஈரத்தோடு வெளியே வரும்போது விரல் விறைக்கும். பிறகு ‘மைனஸ் 40 பூட்ஸ் போட்டும் குளிருகிறதே’ என்று இன்னும் தடிமனாக ஒன்றைத் தேடிப் போவீர்கள்.

நகரத்தில் ஷூவைக் கெடுப்பதும் காலை விறைக்க வைப்பதும் உப்புச்சேறுதான், இங்கே ஸ்லஷ் என்பார்கள். சாலையில் போடும் கல்லுப்பு பனியின் உறைநிலையைக் கீழே இறக்கிவிடுகிறது. அதனால் மைனஸ் 5 டிகிரியிலும் தெருமுனையில் தேங்கி நிற்பது கட்டியாக இல்லாமல் தண்ணீராகவே இருக்கும். பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்த தண்ணீர். நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கும் இடத்தில் சில நாள் அது கணுக்காலைத் தொடும். சாதாரண ஆபீஸ் ஷூவில் அதை ஒருமுறை மிதித்தால் அன்றைய பொழுது போயிற்று.

ஆகவே கடையில் முதலில் உயரத்தைப் பாருங்கள். கணுக்காலை மூடி ஏறத்தாழ 15 செ.மீ. உயரம் இருந்தால் நகரத்துக்குப் போதும். முழங்கால் வரை போவது பண்ணைக்கும் காட்டுக்கும். அடுத்து லேஸை முழுக்கத் தளர்த்தி, ஷூவின் நாக்கை, அதாவது லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டையை, வெளியே இழுத்துப் பாருங்கள். நாக்கின் இரு பக்கமும் மடிப்புத் தோல் வைத்து மேல்தோலோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். எவ்வளவு உயரம் வரை அந்தத் தையல் போகிறதோ அவ்வளவு உயரம்தான் தண்ணீர் தாங்கும். பெட்டியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தும் நாக்கு இரு பக்கமும் திறந்து கிடந்தால் லேஸ் ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே வந்துவிடும். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்பது அதற்கும் ஒரு படி கீழே: தூறலைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது.

பிறகு கதகதப்பு. தின்சுலேட் போன்ற பஞ்சடைப்பை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பார்கள். உங்கள் பயணத்துக்கு 200 கிராம் சரியான அளவு. 400 கிராம் வெளியே நின்று வேலை செய்பவர்களுக்கு. கடைசியாக அடிப்பாகத்தின் தடிமன், இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பஸ்ஸுக்காக நிற்கும்போது காற்றைவிட வேகமாக உடல் சூட்டை உறிஞ்சுவது கான்கிரீட் தரை. மெல்லிய அடியோடு வரும் நேர்த்தியான ஷூவில் எவ்வளவு கம்பளி வைத்தாலும் உள்ளங்கால் சில்லென்றே இருக்கும். 5 மி.மீ. கம்பளி ஃபெல்ட் உள்ளடி ஒன்று தனியாக வாங்கிப் போட்டால் வித்தியாசம் தெரியும். ஆனால் அதற்கும் உள்ளே இடம் இருக்கிறதா என்று ஷூ வாங்கும்போதே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அலுவலகத்தில் ஒரு ஜோடி சாதாரண ஷூவை மேசைக்கடியில் வைத்துவிட்டு, வழியில் மட்டும் பூட்ஸ் போடுவது இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வது. கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: அடியில் பள்ளம் பள்ளமாக, டிராக்டர் டயர் மாதிரி இருக்கும் விலை உயர்ந்த பூட்ஸ் வாங்கினேன். ஆழமான பனியில் நன்றாக இருக்கிறது. ஆனால் பனிக்கட்டி மேலும் சப்வே படிக்கட்டிலும் வழுக்குகிறது. ஏமாந்துவிட்டேனா?
– மொன்றியல் வாசகர்

பதில்: ஏமாறவில்லை, வேறு வேலைக்கு உரிய ஷூவை வாங்கிவிட்டீர்கள். அடியில் துருத்தி நிற்கும் 5 மி.மீ. ஆழக் கட்டைகள் தளர்ந்த பனிக்குள் புதைந்து பிடிப்பதற்காகச் செய்தவை. பனிக்கட்டியில் புதைய இடமில்லை. அங்கே பிடிப்பைத் தருவது ரப்பரின் மென்மையும், தரையைத் தொடும் பரப்பும். பெரிய கட்டைகள் உள்ள அடியில் தொடும் பரப்பு குறைவு. அதோடு, பள்ளங்களில் அடைத்துக்கொண்ட பனி ஸ்டேஷனுக்குள் வந்ததும் உருகி, டைல்ஸ் தரையில் தண்ணீர்ப் படலமாகிவிடும். வாசலில் நான்கு தட்டு தட்டி உதிர்த்துவிட்டு உள்ளே போங்கள்.

ரப்பரைப் பொறுத்தவரை குளிரில்தான் அதன் உண்மைக் குணம் தெரியும். பி.வி.சி. அடி குளிரில் பலகை மாதிரி ஆகிவிடும், வெடிக்கவும் செய்யும். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைகளும் இறுகும். எடை குறைவான ஈ.வி.ஏ. என்ற நுரைப் பொருள் சூட்டை நன்றாகத் தடுக்கும், ஆனால் குளிரில் கெட்டிப்படும், சீக்கிரம் தேயும். அது நடு அடுக்காக இருக்கலாம், தரையைத் தொடும் அடுக்காக வேண்டாம். இங்கிலாந்தில் மார்க்கெட் ஹார்பரோவில் செய்யும் டெய்னைட் அடிக்குப் பெரிய பேர் உண்டு. நேர்த்தியானது, நெடுநாள் உழைக்கும், மழைக்கு அருமை. ஆனால் பனிக்கட்டியில் அதை நம்பக் கூடாது. உழைப்பதற்காகக் கெட்டியாகச் செய்த ரப்பர் அது.

வீட்டிலேயே சோதிக்கலாம். புது ஷூவை வெளியே போட்டு நடக்கும் முன், பெட்டியோடு ஒரு ராத்திரி பால்கனியிலோ காரின் டிக்கியிலோ வையுங்கள். காலையில் எடுத்த கையோடு முன்பக்கத்தை வளைத்துப் பாருங்கள், அடியில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். எளிதாக வளைந்து, நகம் லேசாகப் பதிந்தால் நல்லது. கட்டையாக நின்றால், ரசீது கையில் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதற்கென்றே டொரொன்டோ ரீஹாபிலிடேஷன் இன்ஸ்டிடியூட்டில் ஒரு குளிர்கால ஆய்வகம் இருக்கிறது. பனிக்கட்டித் தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, அதன் மேல் ஆட்களை நடக்க வைத்து, எத்தனை டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நடக்க முடிகிறது என்று பார்க்கிறார்கள். 7 டிகிரி தாண்டினால் ஒரு பனித்துகள் குறி, அதிகபட்சம் மூன்று. 2016இல் முதல் பட்டியல் வந்தபோது சோதித்த 98 வகைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு குறிகூட வாங்கவில்லை. ‘ரேட் மை ட்ரெட்ஸ்’ என்ற பெயரில் முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். நன்றாகத் தேறியவை ரப்பரில் நுண்ணிழையோ கடினத் துகளோ கலந்த அடிகள். ஆர்க்டிக் கிரிப், கிரீன் டைமண்ட் என்ற பெயர்களைத் தேடுங்கள். கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்புத் தேய்ந்துவிட்டால் பிடிப்பும் போய்விட்டது என்று பொருள்.

இன்னொன்று: மைனஸ் 20இல் இருக்கும் பனிக்கட்டியைவிடப் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் பனிக்கட்டி அதிகம் வழுக்கும். மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் இருப்பதுதான் காரணம். ‘இன்றைக்குக் குளிர் குறைவு’ என்று வேகமாக நடக்கும் நாளில்தான் விழுவார்கள்.

கேள்வி: ஒஸ்லோவில் சப்பாத்துக்கு மேல் மாட்டும் ஆணிப்பட்டி மலிவாகக் கிடைக்கிறது. நல்ல சப்பாத்து வாங்குவதை விட்டு அதையே பாவிக்கலாமா?
– ஒஸ்லோ வாசகர்

பதில்: பனிக்கட்டியில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் கடைக்குள்ளும் ஸ்டேஷனுக்குள்ளும் போகும் முன் கழற்றியே ஆக வேண்டும். டைல்ஸிலும் கிரானைட்டிலும் இரும்பு ஆணி, ரப்பரைவிட மோசமாகச் சறுக்கும். ஒரு கையுறைப் பையில் போட்டு எப்போதும் கூடவே வைத்திருங்கள், ஆனால் நல்ல ஷூவுக்குப் பதிலாக அல்ல.

கேள்வி: நல்ல சப்பாத்துத்தான். இரண்டு சோடி சொக்ஸ் போடுகிறேன். அப்படியிருந்தும் விரல்கள் விறைத்துப் போகின்றன. ஏன்?
– மிசிசாகா வாசகர்

பதில்: அந்த இரண்டாவது சோடிதான் காரணமாக இருக்கும். சூட்டைப் பிடித்து வைப்பது சொக்ஸ் நூலுக்கு இடையில் நிற்கும் காற்று. இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சோடியைத் திணித்தால் காற்றும் நசுங்கும், ரத்த ஓட்டமும் குறையும். ஒரே ஒரு நடுத்தரத் தடிமன் கம்பளி சொக்ஸ், மெரினோ கலந்தது, போடுங்கள். பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே ஈரமாக நிற்கும். கம்பளி ஈரமானாலும் கொஞ்சமாவது சூடு தரும்.

அளவு பார்க்கும்போது அந்தக் கம்பளி சொக்ஸைக் கையோடு கொண்டுபோய், சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. அல்லது கொஞ்சம் கூடுதலாக இடம் வேண்டும். விரல்களை உள்ளே மடக்கி விரிக்க முடிய வேண்டும். குதிகால் மட்டும் மேலே எழக் கூடாது. பெரும்பாலானோருக்கு வழக்கமான அளவைவிட அரை எண் கூட்டினால் சரியாக வரும். அரை எண் என்பது நீளத்தில் சுமார் 4 மி.மீ. ஊரில் வாங்கிய ஷூவின் எண்ணை அப்படியே கேட்காதீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் போடுவது பிரிட்டிஷ் எண். இங்கே பெரும்பாலும் ஒன்று கூட்ட வேண்டும், 8 என்றால் 9.

அகலத்தையும் பாருங்கள். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால்களுக்கு விரல் பக்கம் அகலம் அதிகமாக இருப்பது வழக்கம். சாதாரண அகலமான ‘டி’ இறுக்கினால், நீளத்தைக் கூட்டிச் சமாளிக்காமல் ‘இ’ அல்லது ‘இஇ’ அகலத்தைக் கேளுங்கள். நீளத்தைக் கூட்டினால் ஷூ மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. குதிகாலும் உரசிப் புண்ணாகும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில், சனி ஞாயிறு சொந்தக்காரர் வீடு. எங்கே போனாலும் கழற்ற வேண்டும். எட்டு ஓட்டை லேஸ் பூட்ஸை வாசலில் நின்று கழற்றுவதற்குள் பின்னால் வரிசை நிற்கிறது. என்ன செய்யலாம்?
– மார்க்கம் வாசகர்

பதில்: கனேடியக் கடைக்காரர்கள் இந்தச் சங்கடத்தைக் கணக்கில் வைத்து ஷூ விற்பதில்லை, நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு வழி. முதலாவது, பக்கவாட்டில் ரப்பர்நாடா வைத்த செல்சி பூட்ஸ். போட, கழற்ற இதைவிடச் சுலபம் இல்லை. ஆனால் அந்த நாடாப் பகுதி பல மாடல்களில் தண்ணீர் தாங்காது. அது தொடங்கும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள், 8 செ.மீ.க்குக் கீழே வந்தால் ஸ்லஷ் தொட்டுவிடும். நாடா நாளடைவில் தளரும், மாற்றுவதும் எளிதல்ல. இரண்டாவது, லேஸும் உட்பக்க ஜிப்பும் சேர்ந்த பூட்ஸ். லேஸை ஒருமுறை காலுக்கு ஏற்பக் கட்டிவிட்டால் பிறகு ஜிப் மட்டும்தான். எங்கள் ஓட்டு இதற்கு. ஜிப்பைத் திறந்து அதன் பின்னால் தோல் மடிப்பு ஒன்று மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதுதான் ஓட்டை. ஜிப் பல்லில் உப்பு படிந்தால் இறுகி, ஒருநாள் இழுக்கும்போது பிய்ந்துவரும். வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, மெழுகுவர்த்தித் துண்டால் ஒரு தேய்ப்புத் தேய்த்து வையுங்கள்.

அதோடு, கோயில் செருப்பு வைக்கும் இடத்தில் தரை முழுக்க உருகின பனித்தண்ணீர். பூட்ஸைக் கழற்றிவிட்டு சொக்ஸோடு அதை மிதித்தால், திரும்பி வந்து நல்ல பூட்ஸுக்குள் ஈரக்காலை விடுகிறீர்கள். ஒரு மாற்று சோடி கோட்டுப் பையில் இருக்கட்டும்.

கேள்வி: டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். ஆம்பூரிலேயே நல்ல தோல் ஷூ பாதி விலைக்குக் கிடைக்கும்போது இங்கே ஏன் செலவழிக்க வேண்டும்?
– பிராம்டன் வாசகர்

பதில்: தோலைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து ஐரோப்பியக் கடைகளுக்கு ஷூ போவது பல காலமாக நடப்பது; நீங்கள் டொரொன்டோவில் வாங்கும் ஷூவே அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். கேள்வி அடிப்பாகம்.

அங்கே கடைகளில் சுலபமாகக் கிடைப்பது இடைப்பருவத்துக்கான ஆபீஸ் ஷூ. உள்ளடியைத் தூக்கிப் பார்த்து, ஓரமாகச் சுற்றிலும் ஒரு நூல் வரிசை தெரிந்தால் அது பிளேக் தையல். ஊசி உள்ளடியையும் வெளி அடியையும் ஒரே குத்தாகக் குத்தியிருக்கும். அடி தோலாக இருந்தால் அந்த ஒவ்வொரு குத்தும் தண்ணீருக்கு வழி. குட்இயர் வெல்ட் என்பதில் ஷூவைச் சுற்றி ஒரு தோல் பட்டை ஓடும். வெளி அடி அந்தப் பட்டையோடு மட்டும் தைக்கப்படும், தையல் காலுக்கு அடியில் வராது. பட்டை மேல்நோக்கி ஒரு சின்ன வரம்பாக எழுந்து நின்றால் இன்னும் நல்லது, மேல்தோல் சேரும் இடுக்கை அது மறைக்கும். ஓரத்தில் தையல் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஒட்டிய ஷூவிலும் அழகுக்குப் பொய்த்தையல் அச்சடித்திருப்பார்கள்.

தோல் அடி உள்ள ஷூ ஏற்கெனவே இருந்தால், முன்பாதியில் 2 மி.மீ. ரப்பர் ஒட்டி, குதிகாலுக்கும் ரப்பர் போட்டு, உலர்ந்த குளிர் நாட்களில் போடலாம். ஸ்லஷ் நாட்களில் ஓரத்துத் தோல் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். ஆகவே ஊரில் அலுவலகத்துக்குள் போடும் ஷூவை வாங்குங்கள். தெருவுக்கானதை இங்கேயே வாங்குங்கள்.

கேள்வி: கறுப்புத் தோல் ஷூவில் வெள்ளைக் கோடாக உப்பு. பாலிஷ் போட்டு மறைத்தாலும் இரண்டு நாளில் திரும்ப வருகிறது.
– அஜாக்ஸ் வாசகர்

பதில்: உப்பு மேலே இல்லை, தோலுக்குள்ளே இருக்கிறது. ஸ்லஷ்ஷில் கரைந்து உள்ளே போய், தோல் உலர உலரத் தண்ணீரோடு மேலே வந்து படிகமாகிறது. பாலிஷ் அதை உள்ளேயே பூட்டி வைக்கும். அப்படியே விட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய், மடங்கும் இடத்தில் முதலில் சின்னச் சின்ன மேடு, பிறகு வெடிப்பு. வெடித்த தோலுக்கு மருந்து இல்லை.

அன்றன்றைக்கே, கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் ஈரத்துணியால் துடைப்பதுதான் பாதி வேலை. கோடு விழுந்துவிட்டால்: ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, கோட்டை மட்டும் அல்லாமல் அந்தப் பக்கத்துத் தோல் முழுவதையும் துடையுங்கள். கோட்டை மட்டும் துடைத்தால் அதைச் சுற்றி வேறொரு வளையம் விழும். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் ஒரு துடைப்பு. லேஸையும் உள்ளடியையும் எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதை மாற்றுங்கள். ஈரத்தாள் உள்ளேயே கிடந்தால் பயனில்லை. 24 மணி நேரம் சாதாரண அறைச் சூட்டில் உலரட்டும். தரையில் சூடான காற்று வருகிற துவாரத்தின் மேல் வைப்பதும், ஹேர் டிரையர் பிடிப்பதும் உப்பைவிடக் கெடுதல்: தோல் சுருங்கும், ஒட்டுப்பசையும் விடும். நன்றாக உலர்ந்த பிறகே பட்டாணி அளவு லெதர் கண்டிஷனர், அரை மணி கழித்து மெழுகு பாலிஷ். மிங்க் ஆயில் மாதிரி கனத்த எண்ணெய்களை ஆபீஸ் ஷூவுக்குப் போடாதீர்கள். தோல் தொளதொளத்துப்போகும், நிறமும் கறுக்கும்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும்: ஒரே ஜோடியைத் தினமும் போடக் கூடாது. நடுத்தர விலையில் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால், உயர்ந்த விலையில் வாங்கிய ஒரு ஜோடியைவிட நெடுநாள் வரும்.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே அடிப்பது நல்லதா? எங்கள் வீடு பேஸ்மென்ட்.
– ஸ்கார்பரோ வாசகர்

பதில்: ஸ்வேட் தோலுக்கு (மேற்பரப்பு மெத்தென்று இருக்கும் தோல்) அவசியம், மற்றத் தோலுக்கு நல்லது. புதிதாக இருக்கும்போதே, 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு பூச்சு. நடுவில் உலர விட்டு, ஒரு நாள் கழித்துப் போடலாம். ஆனால் பேஸ்மென்டில் மட்டும் அடிக்காதீர்கள். அந்த நுண்துளிகளை மூச்சில் இழுத்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. குளிர் தொடங்கும் முன், அக்டோபரில், வெளியே வைத்து அடித்துவிடுங்கள்.

கேள்வி: லண்டனுக்கும் இதே மாதிரி பூட்ஸ் வேண்டுமா?
– ஹாரோ வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் ஊரில் பனி விழுவதே சில நாட்கள், மற்றதெல்லாம் மழை. பஞ்சடைப்பு இல்லாத, குட்இயர் வெல்ட்டோடு ரப்பர் அடி போட்ட தோல் ஷூ போதும். முன்பு குறை சொன்ன டெய்னைட், லண்டனில் நல்ல தேர்வு. சொரசொரப்பான ஸ்காட்ச் கிரெய்ன் தோல் நீர்த்துளி, கீறல் இரண்டையும் மறைக்கும்.

கேள்வி: பிப்ரவரியில் கல்யாண வரவேற்பு. கோட் சூட்டுக்குக் கீழே பூட்ஸ் போட மனம் வரவில்லை.
– வான் வாசகர்

பதில்: ஆபீஸ் ஷூவுக்கு மேல் இழுத்து மாட்டும் ரப்பர் உறை இருக்கிறது, கலோஷ் என்று கேளுங்கள். உங்கள் ஷூவையே கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். முன்பக்கம் அகலமான ஷூவுக்கு ஒரு அளவு கூட்ட வேண்டியிருக்கும். மண்டபத்து வாசலில் கழற்றிவிடுங்கள். உள்ளே போட்டுக்கொண்டே இருந்தால் தோல் வேர்க்கும்.

கேள்வி: ஆறு வருடம் முன்பு சலுகையில் வாங்கி, பெட்டியிலேயே வைத்திருந்த புத்தம்புது பூட்ஸ். முதல் நாள் போட்டதும் அடி கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. போலியா?
– பிக்கரிங் வாசகர்

பதில்: போலி அல்ல, பாலியூரித்தேன் அடி. காற்றின் ஈரப்பதம் அந்தப் பொருளை மெல்ல மெல்ல உள்ளேயே சிதைக்கும். பூட்டி வைத்தாலும் நிற்காது, போட்டு நடந்துகொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். மேல்தோல் நன்றாக இருந்து, வெல்ட் தையலும் இருந்தால் ரப்பர் அடி மாற்றித் தருவார்கள். அச்சில் வார்த்து ஒட்டிய அடியென்றால் செலவழிக்காதீர்கள். ஜனவரிக் கடைசியில் வரும் கழிவு விற்பனையில் வாங்குவது நல்லதுதான், ஆனால் அடுத்த குளிருக்கு மட்டும் வாங்குங்கள். நாக்கின் உட்பக்கச் சீட்டில் தயாரித்த மாதமும் வருடமும் இருந்தால் அதைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் அடியின் ஓரத்தை அழுத்துங்கள். விரல் பதிந்த குழி மேலெழாமல் நின்றாலோ, பிசுபிசுத்தாலோ பெட்டியை மூடி வைத்துவிடுங்கள்.